வீட்டைப் பார்த்துவிட்டு வரும் வேலை

ஒரு ஊரில் ஒரு ராசாவாம். மாடம் உண்டாம், மதில் உண்டாம், யானை குதிரை எல்லாம் உண்டாம். மடியில் வைக்க ஒரு பிள்ளை மட்டும் இல்லையாம். மூத்தாப்பா சொன்ன கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். ராசா வேட்டைக்குப் போவார், ஆற்றங்கரையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு கிடக்கும், தூக்கிக்கொண்டு வருவார், ஊரெல்லாம் பாற்சோறு ஆக்கும், கதை முடியும். இந்த ராசாவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று எந்தக் கதையிலும் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டு வருவதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையை உழுதுவிட்டுப் போன பிறகு, உம்மா வாப்பா இல்லாத பிள்ளைகளுக்கென்று கல்முனையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் விடுதி திறந்தார்கள். அதை நடத்த ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி. பிள்ளை வளர்க்கக் கேட்டு வருகிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து கமிட்டிக்குச் சொல்வது என் வேலை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன், சைக்கிள் ஒன்று இருந்தது, வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. குரல் பிறவியிலேயே மெல்லிசு. மலேரியாவுக்கு மருந்தடிக்கப் போனவர்களே, குடிசன மதிப்பு எடுக்கப் போனவர்களே, வேலிப் படலையில் நின்று நாயிடமும் மனிதரிடமும் ஒன்றாகப் பேச்சு வாங்கியவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் விளங்கும்.

தகுதி

கமிட்டி நாலு தகுதி வைத்திருந்தது. சொந்தக் கல்வீடு, வற்றாத கிணறு, வயல் அல்லது கடை, ஐந்து நேரத் தொழுகை. பிள்ளையை அடிக்காதவர், பிள்ளை அழுதால் பொறுப்பவர் என்பதெல்லாம் அந்த நாலில் இல்லை.

விடுதியில் ஜெசீமா என்று ஆறு வயசுப் பிள்ளை ஒன்று இருந்தது. சூறாவளியில் புதுசாகக் கட்டிய கல்சுவர் விழுந்து உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிப் போனார்கள். இவளைச் சில நாள் கழித்துத்தான் மேசைக்கடியிலிருந்து இழுத்தெடுத்தார்கள். அன்றோடு வாய்ப்பேச்சு நின்றுவிட்டது. அவளை வளர்க்கக் கேட்டு எல்லாருக்கும் முந்தி வந்தவர் சல்மா ராத்தா. கடற்கரைப் பக்கம் இருப்பவர். புருசன் கரைவலைக்குப் போகிறவர். நாலு பிள்ளைகளும் ஆம்பிளைகள். விடுதிக்கு மீன் கொண்டு வந்த இடத்தில் ஜெசீமாவைக் கண்டு, இந்தச் சின்னவவை என்னோட விடுங்க என்று கேட்டார். அவருடைய வீட்டையும் சூறாவளி கொண்டுபோயிருந்தது. நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகு அடைத்த குடிலில்தான் அப்போது இருந்தார்கள். கிடுகு என்ற சொல் காதில் விழுந்ததுமே கமிட்டித் தலைவர் ஹாஜியார் கையை விரித்துவிட்டார்.

நோன்பு பிறக்குமுன் வீடு கிடைக்காத பிள்ளைகளைக் கொழும்பில் உள்ள பெரிய விடுதி ஒன்றுக்கு அனுப்பிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தார்கள். தெரிந்த முகங்களுக்கு நடுவிலேயே வாய் திறக்காத பிள்ளை, முந்நூறு பேருக்கு நடுவில் போய் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஹாஜியாரிடம் போய், வளர்க்கிற ஆட்களிடம் என்னென்ன கேட்க வேண்டும், கோபக்காரரா, பொறுமைசாலியா, எதைப் பார்க்க வேண்டும் என்று என் மெல்லிய குரலில் விசாரித்தேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"மனுசரைப் பார்க்கச் சொல்லி உன்னை அனுப்பல்ல தம்பி. வீட்டைப் பார்த்துட்டு வா."

சொந்தப் பிள்ளை மாதிரி

முதலில் நிந்தவூருக்குப் போனேன். நெல்லு மில் முதலாளி வீடு. நாலு தகுதியும் இருந்தது, ஐந்தாவதாக ஒரு காரும் இருந்தது. முதலாளியின் மனைவி பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தந்து, உம்மா வாப்பா இல்லாத எத்தீம் பிள்ளையின் தலையைத் தடவுகிறவருக்குக் கிடைக்கும் நன்மையைப் பற்றி வெகுநேரம் கதைத்தார். பிறகு பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டார். ஆறு என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. வாளியில் தண்ணி தூக்குவாளா என்று கேட்டார்.

பிள்ளை படுக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்றேன். குசினியைத் தாண்டிக் கொண்டுபோய், விறகு அடுக்கியிருந்த ஒரு சாய்ப்புக் கொட்டிலைக் காட்டினார். விறகை ஒரு பக்கமாய் ஒதுக்கினால் பாய் போடலாமாம். பள்ளிக்கூடம் என்று தொடங்கினேன்; அதற்குள் அவருடைய சொந்த மகள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையை நிலத்தில் போட்டாள். உம்மா குனிந்து அதை எடுத்து வைத்தார். எடுத்து வைக்கும்போதே, இனி இதுக்கெல்லாம் ஒரு ஆள் வந்திரும் என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குள் கொதித்தது. மெல்லிய குரல்காரனுக்குக் கோபம் வந்தால் அது உள்ளேயே கிடந்து வேகும், வெளியில் ஆவிகூட வராது. நீங்கள் வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் போல இருக்கிறது என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவருக்கு வந்த ரோசத்தைப் பார்க்க வேண்டுமே.

"வேலைக்காரியா கேட்டம்? சொந்தப் பிள்ளை மாதிரித்தான் வெச்சிருப்பம். சொந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எண்டு ஒரு கரைச்சல் இரிக்கி, இவவுக்கு அதுவும் இல்ல."

பறுதாவும் வீடும்

சாய்ந்தமருதில் ஒரு மாஸ்டர் இருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகளை அடிக்காமல் படிப்பிக்கிறார் என்று பெயர். அவராகவே ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். வளவுக்குள் நுழைந்தபோது எனக்கு வீடு பார்க்க வந்தேனா, வீடு கட்டும் இடத்துக்கு வந்தேனா என்று தெரியவில்லை. ஒரு வீடு முடிந்து நின்றது, இன்னொன்று யன்னல் மட்டத்தில் நின்றது, மூன்றாவதற்கு அத்திவாரம் மட்டும் வெட்டிக் கிடந்தது. மாஸ்டருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பெண் பிள்ளை பிறந்த வீட்டில் தாலாட்டு முடியுமுன் கல்லும் மண்ணும் ஏற்றிய லொறி வந்துவிடும்.

ஜெசீமாவைப் பற்றிச் சொன்னேன். மாஸ்டர் மூன்றாவது அத்திவாரத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், நாலாவது வீட்டுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். அவளுக்குக் கல்யாண வயசு வர இன்னும் எத்தனை காலம் என்றேன். காலம் ஓடுது தம்பி, சீமெந்து விலை அதைவிட ஓடுது என்றார். அப்படியென்றால் ஆம்பிளைப் பிள்ளை ஒன்றை எடுக்கலாமே, விடுதியில் இருக்கிறார்களே என்றேன். உடனே தலையை ஆட்டினார். வளர்த்த பையன் வாலிபனானால் இவருடைய மூன்று மகள்மாருக்கும் அந்நியன். ஒரே வளவில் பறுதா எப்படிப் பேணுவது. மார்க்கம் அப்படித்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் ஆள் அனுப்பி வரவழைக்குமுன் யோசித்திருக்கலாமே. வெயிலில் சைக்கிள் மிதித்த கோபம் எனக்கு. அவர் படலை வரை வந்து வழியனுப்பி, மிக மரியாதையாகச் சொன்னார்:

"ஆம்புளைண்டா பறுதா, பொம்புளைண்டா வீடு. இந்த ரெண்டு கரைச்சலும் இல்லாத பிள்ளை ஏதும் வந்தா எனக்குச் சொல்லியனுப்புங்க."

தற்காலிகம்

கல்முனை பசாரில் புடவைக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கல்யாணமாகிப் பல வருசம், பிள்ளை இல்லை. எத்தீம் பிள்ளை ஒன்றை எடுத்து வளர்த்தால் அந்தப் பிள்ளையின் ராசியில் சொந்தப் பிள்ளை தங்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காக முதலில் அவரை எனக்குப் பிடித்தது. பிறகு துணியை மடித்துக்கொண்டே, சிரித்த முகம் மாறாமல், ஒரு சந்தேகம் கேட்டார்:

"அல்லாஹ் எங்களுக்குச் சொந்தமா ஒண்டைத் தந்திட்டா, இதைத் திரும்ப எடுக்கிறீங்கதானே?"

மாவடிப்பள்ளிச் சட்டை

கடைசியில் ஜெசீமா ஒரு வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். மாவடிப்பள்ளியில் ஒரு போடியார், வயல் நிறைய, கல்வீடு, ஒன்றுக்கு இரண்டு கிணறு. ஹாஜியார் மிகுந்த சந்தோசத்தில் என் அறிக்கையைப் பார்க்காமலே சம்மதித்தார். போடியார் புதுச் சட்டை ஒன்று வாங்கி வந்து அவளுக்குப் போட்டு, டிரக்டரில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். பச்சை நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட சட்டை. ஜெசீமா அந்தப் பூவை ஒரு விரலால் தடவிக்கொண்டே போனாள்.

ஒரு கிழமை கழியவில்லை, சைக்கிளின் பின்னால் இருத்தித் திரும்பக் கொண்டு வந்துவிட்டார். குற்றப்பட்டியல் நீளமாக இருந்தது. பிள்ளை பாயில் மூத்திரம் போகிறாளாம். சோறு தின்ற பிறகும் பாண் ரொட்டித் துண்டை எடுத்துத் தலையணைக்குள் ஒளிக்கிறாளாம், அறை முழுக்க எறும்பாம். நல்ல அறையில் படுக்க வைத்தால் பாயை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறாளாம், அக்கம்பக்கத்தார் பார்த்து, பிள்ளையை வெளியில் போட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறார்களாம். அவள் எங்கே தப்பியவள், பசியோடு எத்தனை நாள் கிடந்தவள் என்று அவருக்கு நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சொன்னதைத் திரும்பவும் சொன்னேன். தம்பி, கொஞ்சம் சத்தமாச் சொல்லு என்றார். சத்தமாகச் சொன்னபோது சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தவர் போலக் காலை ஊன்றி நின்றார்.

"அந்தச் சட்டையை மட்டும் கழட்டித் தந்திட்டா நல்லம். எங்கட தங்கச்சிட மகளுக்கு அளவா இரிக்கும்."

ஓதுறயா, கதைக்கிறயா

அன்று மத்தியானம் நான் விடுதியில் இருக்க மாட்டாமல் கடற்கரைப் பக்கம் சைக்கிளை விட்டேன். சல்மா ராத்தாவின் குடில் வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும். தெரிவதற்கு முன்பே அவருடைய குரல் கேட்கும். நாலு மகன்மாரையும் நாலு திசையில் ஏசிக்கொண்டிருந்தார். ஏச்சை நிறுத்தாமலே எனக்கு ஒரு பலகையை இழுத்துப் போட்டார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். "தம்பி, நீ ஓதுறயா, கதைக்கிறயா? தொண்டையைத் திறந்து சொல்லு கா" என்றார். பொம்பிளைகளுக்குப் போடும் 'கா'வை ஆம்பிளைக்குப் போட்டதற்கு மகன்மார் நாலு பேரும் சிரித்தார்கள். சத்தமாகவே சொன்னேன்.

மற்ற வீடுகளில் எல்லாரும் பிள்ளை என்ன செய்வாள் என்று கேட்டார்கள். இவர் பிள்ளைக்கு என்ன செய்யுது என்று கேட்டார். காற்றுக்குப் பயப்படுகிறாளா? பயப்படுகிறாள். விடுதியில் எங்கே படுக்கிறாள்? மண்டபத்துக்கு நடுவில். ஏன் நடுவில்? எனக்குத் தெரியவில்லை. சுவர் ஓரத்தில் ஒரு நாளாவது படுத்திருக்கிறாளா? யோசித்துப் பார்த்தேன். படுத்ததே இல்லை. சல்மா ராத்தா என்னைப் பார்த்த பார்வையில், ஏ.எல். எழுதியது வீண் என்று இருந்தது. பாயில் மூத்திரம் போவதைச் சொன்னபோது, இவனுகள் நாலு பேரும் என்ன பன்னீரா தெளிச்சவனுகள் என்று சொல்லி மூத்தவனை வெட்கப்பட வைத்தார். நாளைக்கு அவளுக்கு வீடு, பறுதா என்ற கதை வராதா என்று மாஸ்டரின் கேள்வியை நான் கேட்டேன். பெண் பிள்ளை இல்லாத தான் இந்த வளவை வேறு யாருக்குத்தான் கொடுப்பது என்று கேட்டார். அவள் பெரிய பிள்ளையானால், நடுவில் கிடுகுத் தட்டி ஒன்று கட்ட ஒரு பின்னேரம் போதுமாம்.

பாண் ஒளிப்பதைச் சொன்னதும் எழும்பி உள்ளே போய், எதையோ உருட்டி, ஒரு பால்மா தகரத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். விடுதியில் கொண்டுபோய் நான் அதைக் கொடுத்தபோது ஜெசீமா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அதற்குப் பிறகும் பாண் ஒளிக்கத்தான் செய்தாள். எறும்பு மட்டும் வரவில்லை. தகரத்தை என் கையில் தந்தபோது சல்மா ராத்தா சொன்னது இவ்வளவுதான்:

"ஒளிக்காதே எண்டு சொல்லாதே. மூடி போடச் சொல்லு."

கச்சான்

நோன்புக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கொழும்புக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் ஜெசீமாவையும் சேர்த்துவிட்டார்கள். கமிட்டிக் கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், தம்பிக்குத் தடிமன் பிடிச்சுத் தொண்டை கட்டியிருக்கு போல என்றார் பொருளாளர். ஆகவே கூட்டம் முடிந்து ஹாஜியார் குடையை எடுக்கும் நேரம் பார்த்து அவருடைய காதுக்குப் பக்கத்தில் போய், நீங்கள் வீட்டைத்தானே பார்க்கச் சொன்னீர்கள், ஜெசீமாவுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன், நீங்களே ஒரு தடவை வந்து பாருங்கள் என்றேன். பொய் ஒன்றும் இல்லை. கல்வீடு என்று நான் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார். இரண்டு கமிட்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு மறுநாளே புறப்பட்டார். நான் ஜெசீமாவை சைக்கிளில் இருத்தி முந்திக்கொண்டேன். அவள் தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மண்ணை அள்ளி அடித்தது. கிடுகெல்லாம் சடசடத்தது. பயந்துவிடுவாளோ என்று திரும்பிப் பார்த்தேன். ஜெசீமா குடிலின் வாசலில் கொஞ்சம் நின்றாள், கிடுகுச் சுவரை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். அது வளைந்து கொடுத்துத் திரும்ப வந்தது. உள்ளே போனாள். நாலு பையன்களும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் போய்ச் சுவரோரத்தில் குந்தி, முதுகைக் கிடுகில் சாய்த்துக்கொண்டு, தகரத்தை மடியில் வைத்தாள். இந்தப் பிள்ளை ஒரு சுவரில் சாய்ந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

ஹாஜியார் வந்து சேர்ந்தவர், வேலிக்கு அப்பால் வேறு வீடு இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார். இதற்காகவா வெயிலில் இழுத்து வந்தாய் என்று கமிட்டிக்காரர் ஒருவர் என்னை ஏசத் தொடங்கினார். ஊர் நம்பி ஒப்படைத்த பிள்ளையைக் கிடுகுக்குள் போட்டால் நாளை ஊருக்கு யார் பதில் சொல்வது என்று மற்றவர் கேட்டார். கொழும்புக்கு அனுப்பினால் எந்த ஊருக்குப் பதில் சொல்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்தது, குரல் வரவில்லை. ஊரையே ஏசும் சல்மா ராத்தா அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவோரத்தில் ஒரு சொல் இல்லாமல் நின்றார். 

ஹாஜியார் குடையை மடக்கி, அதன் நுனியால் கிடுகுச் சுவரில் ஒரு குத்துக் குத்தினார். நுனி உள்ளே போய் மறுபக்கம் ஜெசீமாவின் தோளுக்குப் பக்கத்தில் வெளியில் வந்தது. "இதுவா வீடு? ஒரு காத்துக்கு நிக்குமா இது? பிள்ளைட தலையில விழுந்திட்டா என்ன செய்யிற?" என்றார்.

ஜெசீமா தன் தோளுக்குப் பக்கத்தில் நீட்டியிருந்த குடை நுனியைப் பார்த்தாள். பிறகு, மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தது போல ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல். எனக்கு முதலில் அது யாருடையது என்றே தெரியவில்லை.

"இது விழுந்தா நோகாது."

 கமிட்டிக்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் படலையைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனார்கள். சல்மா ராத்தா முகத்தை முக்காட்டால் துடைத்துவிட்டு, உலையில் அரிசி போட வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு உள்ளே போனார். ஹாஜியார் மட்டும் நின்றார். குடையை மெதுவாக வெளியே இழுத்தார். துளை வழியே வெளிச்சம் விழுந்தது. அவர் குனிந்து, கிழிந்த ஓலைக் கீற்றை விரலால் தள்ளி, துளையை மூடப் பார்த்தார், அது மூடவில்லை.  பிறகு என் தோளில் கை வைத்து, என்னைவிட மெல்லிய குரலில் சொன்னார்:

"பிள்ளை இஞ்சயே இரிக்கட்டும். ஆனா தம்பி, அறிக்கையில கல்வீடு எண்டே எழுது."

சொல்லிவிட்டு, காற்று பறிக்கப் பார்த்த தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மணலில் நடந்து போனார். அன்றிலிருந்து கமிட்டியின் கணக்குப்படி, இந்தக் கரையோரம் முழுவதிலும் கிடுகால் அடைத்து நிற்கிற கல்வீடு அது ஒன்றுதான்.